ரோட்டுக்குக் கீழே போன வீடு... புது பாத்ரூம், பைப் லைன் போட யாரிடம் அனுமதி வாங்கணும்? முழு விவரம்

சென்னை பேசின் பிரிட்ஜ், ராயபுரம், புளியந்தோப்பு பக்கம் பல பழைய வீடுகளுக்குள் படி இறங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. யாரும் ஆசைப்பட்டு பேஸ்மென்ட் கட்டவில்லை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில், தரைத்தளமே பள்ளமாகிவிட்டது.

சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். ஆனால் அதற்கு முன்பே பள்ளத்துக்குப் போன வீடுகளுக்கு அதனால் பலன் இல்லை. அப்படிப்பட்ட வீட்டைப் புதுப்பித்து, புது பாத்ரூம், பைப் லைன் போடுவது எப்படி?

முதலில் மட்டம் பாருங்க

அனுமதிக்கு அலைவதற்கு முன் பார்க்க வேண்டியது தெருவில் இருக்கும் மேன்ஹோல் மூடி. கழிவுநீர் சரிவில்தான் ஓடும். மழையிலோ அடைப்பிலோ மெயின் லைன் நிரம்பினால், தண்ணீர் மேன்ஹோல் மூடி மட்டம் வரை ஏறும். அந்த மட்டத்துக்குக் கீழே உங்கள் டாய்லெட் இருந்தால், மூடியைத் தாண்டும் முன்பே கழிவுநீர் உங்கள் வீட்டுக்குள் வந்துவிடும்.

கொத்தனார் வைத்திருக்கும் மட்ட டியூப் போதும், பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். மூடியை விட தரை பள்ளமாக இருந்தால் மூன்று வழிகள் உண்டு:

* தரையையும் டாய்லெட்டையும் ரோடு மட்டத்துக்கு மேலே உயர்த்துவது. இதுதான் நிரந்தரத் தீர்வு.
* வீட்டு சேம்பரில் நான்-ரிட்டர்ன் வால்வு வைப்பது. வெளித்தண்ணீர் உள்ளே வராது. ஆனால் வால்வு மூடியிருக்கும் நேரத்தில் வீட்டுக் கழிவும் வெளியே போகாது. அடிக்கடி சுத்தம் செய்யணும்.
* தனித் தொட்டியில் சேர்த்து, பம்ப் வைத்து மேலே ஏற்றி விடுவது. கரண்ட் போனால் பம்ப் ஓடாது.

எதற்கு அனுமதி வேண்டும்?

வெள்ளையடிப்பது, பூச்சு வேலை, டைல்ஸ் மாற்றுவது போன்றவற்றுக்குக் கட்டட அனுமதி தேவையில்லை. கூடுதல் அறை கட்டுவது, மாடி எழுப்புவது, தரைக்கு அடியில் புதிதாகத் தோண்டி அறை அமைப்பது போன்றவற்றுக்கு அனுமதி கட்டாயம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 இதற்குப் பொருந்தும். அனுமதி இல்லாமல் கட்டினால் 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி நோட்டீஸ், சீல் வரை போகலாம்.

பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருக்கும் பழைய வீடுகளில் தோண்டுவது இன்னும் ஆபத்து. உங்கள் பள்ளம் அவர்கள் அஸ்திவாரத்தைத் தளர்த்திவிடும். கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்க்காமல் கடப்பாரை எடுக்காதீங்க.

எங்கே விண்ணப்பிப்பது?

வழக்கமான சிறிய வீடுகளுக்கு மாநகராட்சியே அனுமதி தரும். பேசின் பிரிட்ஜின் ஒரு பக்கம் ராயபுரம் மண்டலம் (5), புளியந்தோப்பு பக்கம் திரு.வி.க. நகர் மண்டலம் (6). குழப்பம் இருந்தால் சொத்து வரி ரசீதைப் பாருங்க. அதில் உள்ள எண் மண்டலத்தில்தான் தொடங்கும்.

இடித்துவிட்டுப் புதிதாகவே கட்டுவதாக இருந்தால், ஜூலை 2024-ல் தொடங்கிய சுயசான்று திட்டம் இருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் மாடியும் கொண்ட வீட்டுக்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் உடனடி அனுமதி பெறலாம்.

வாரியக் குடியிருப்பில் இருப்பவர்கள், சுவரில் கை வைக்கும் முன் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

பைப் லைன் தனிக் கதை

மாநகராட்சி அனுமதி கிடைத்துவிட்டது என்பதற்காக தெருவில் உள்ள மெயினில் இணைக்க முடியாது. அது மெட்ரோ வாட்டர் எனப்படும் குடிநீர் வாரியத்தின் வேலை. புது இணைப்பு, இணைப்பை இடம் மாற்றுவது எல்லாவற்றுக்கும் அங்கே தனி விண்ணப்பம். வீட்டுக்குள் இருக்கும் குழாய் மட்டும்தான் உங்கள் பொறுப்பு.

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது மாநகராட்சி வழக்கமாக ரோடு வெட்டத் தடை போடும். அதனால் கோடையிலேயே விண்ணப்பிப்பது நல்லது.

இதை மட்டும் செய்யாதீங்க

கழிவுநீர் பைப்பை மழைநீர் வடிகாலில் விடுவது சட்டவிரோதம். இணைப்பைத் துண்டித்து அபராதம் போடுவார்கள். இந்தப் பகுதியில் அது கடைசியில் ஓட்டேரி நல்லாவுக்கோ பக்கிங்ஹாம் கால்வாய்க்கோதான் போகும். மழை நாளில் அதே தண்ணீர் தெருவுக்குத் திரும்பி வரும்.

குடிநீர் சம்ப்பையும் கழிவுநீர் சேம்பரையும் பக்கத்து பக்கத்தில் வைக்க வேண்டாம். சம்ப் மூடி, வெள்ளம் ஏறும் மட்டத்துக்கு மேலே இருக்கணும்.

அடைப்பு என்றால் ஆளை உள்ளே இறக்கவே கூடாது. விஷவாயு சில நொடிகளில் உயிரை எடுத்துவிடும். ஆபத்தான முறையில் ஆளை இறக்கினால், 2013-ம் ஆண்டு சட்டப்படி முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

யாரைக் கூப்பிடலாம்?

* கழிவுநீர் அடைப்பு, இணைப்பு: குடிநீர் வாரியம் 044-45674567 அல்லது 1916
* மழைநீர் வடிகால், ரோடு, கட்டட அனுமதி: மாநகராட்சி 1913
* செப்டிக் டேங்க் சுத்தம்: 14420