எரிந்த ஊரை விலைபேச வந்தவர்கள்... லஹைனா மக்கள் போட்ட பூட்டு என்ன?

ஹவாயின் மாவி தீவில் உள்ள லஹைனா நகரம் 2023 ஆகஸ்ட் 8-ல் காட்டுத்தீக்கு இரையானது. 100-க்கும் மேற்பட்டோர் பலியாகினர். 2,000-க்கும் அதிகமான கட்டடங்கள் நாசமாகின.

சாம்பல் சூடு ஆறும் முன்பே, மனையை விற்கிறீர்களா எனக் கேட்டு வீடிழந்தவர்களுக்கு போன் வரத் தொடங்கியது. ஒருபக்கம் வாடகை, மறுபக்கம் வீட்டுக்கடன் தவணை... யாரா இருந்தாலும் தடுமாறத்தானே செய்வாங்க?

இதைத் தடுக்க உள்ளூர்க்காரர்களே சேர்ந்து தொடங்கியதுதான் லஹைனா சமுதாய நில அறக்கட்டளை.

விற்றே ஆகணும் என்ற நிலையில் இருப்பவரிடம் மனையை அறக்கட்டளையே வாங்கிக்கொள்ளும். நிலம் அதன் பெயரில் இருக்கும்; வீடு மட்டும் உள்ளூர்க் குடும்பத்துக்கு. பின்னாளில் வீட்டை விற்கலாம், ஆனால் இஷ்டத்துக்கு விலை வைக்க முடியாது.

சிக்கல் பணம்தான். நன்கொடையும் அரசு நிதியும் வந்தால்தான் அடுத்த மனையை வாங்க முடியும். மாவியில் மனை விலையோ எக்கச்சக்கம்.