பங்குத் தண்ணீர்

2019 செப்டெம்பரில் சுவிஸ் தேசிய வங்கி புதிய 100 பிராங் தாளை வெளியிட்டது. முன்பக்கத்தில் தண்ணீரை ஏந்தி நிற்கும் இரண்டு கைகள். பின்பக்கத்தில் செங்குத்தான பாறைச்சுவரோடு ஒட்டிக்கொண்டு போகும் ஒரு மரவாய்க்கால். சீட்டுக்காசு எண்ணும்போதும், கலியாண வீட்டுக்குப் போகும் கடித உறைக்குள் வைக்கும்போதும் இந்தத் தாள் எங்கள் கைகளில் எத்தனையோ முறை புரண்டிருக்கிறது. அந்த வாய்க்கால் என்னவென்று கேட்ட தமிழர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. எனக்கும் அது தெரியவந்தது வாலிஸ் மாநிலத்தில் ஒரு கோடை விடுமுறையில் நடக்கப்போனபோதுதான்.

அது அயோன் என்ற ஊரின் வாய்க்கால். 1442இல் வெட்டியது. பிரெஞ்சு பேசும் கீழ் வாலிஸில் இப்படியான வாய்க்காலை ‘பிஸ்’ என்பார்கள். ஜேர்மன் பேசும் மேல் வாலிஸில் ‘ஸூவோன’. தாளில் இருக்கும் பாறைப்பகுதியை அந்த ஊரார் 1831இல் ஒரு சுரங்கம் குடைந்தபின் கைவிட்டுவிட்டார்கள். இன்று நாங்கள் பார்ப்பது பிற்காலத்தில் மீளக் கட்டியது.

சுவிஸ் என்றால் ஏரியும் பனியும் மழையும் என்று நினைத்துத்தான் நாங்கள் எல்லோரும் இங்கே வந்தோம். வாலிஸ் அந்த நினைப்பைக் கெடுத்துவிடும். வடக்கே பேர்ண் அல்ப்ஸ், தெற்கே இத்தாலி எல்லை மலைகள். இரண்டு பக்கத்து மேகங்களும் மலையிலேயே கொட்டித் தீர்த்துவிட, நடுவில் கிடக்கும் ரோன் பள்ளத்தாக்குக்கு மிச்சம்தான் வருகிறது. அதன் தலைநகர் சியோனில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீற்றர் மழை. யாழ்ப்பாணத்தில் அதைப்போல இரண்டு மடங்கு பெய்கிறது. எங்கள் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும் என்பது வேறு கதை. வாலிஸ்காரருக்கு மழை இல்லை, ஆனால் தலைக்குமேலே பனிமலை இருக்கிறது. வெயில் ஏற ஏறப் பனி உருகும். தாகம் எடுக்கும் மாதங்களில்தான் தண்ணீரும் வரும். அது ஓடுவதோ ஆழமான பள்ளங்களில். வயலும் புல்நிலமும் உயரத்தில், பாறைக்கு அந்தப் பக்கம். ஆகவே பள்ளத்தின் மேற்பகுதியில் ஆற்றை மறித்து, மலையின் விலாவோடு கிலோமீற்றர் கணக்கில் தண்ணீரை நடத்திக் கூட்டிவர வேண்டியிருந்தது.

பாறை குறுக்கே வந்த இடங்களில் துளையிட்டு மரச்சட்டம் செருகி, அதன்மேல் பலகைத் தொட்டிகளைத் தொடுத்தார்கள். வாய்க்காலோடு காவலாள் நடப்பதற்கு ஒற்றைப் பலகை. கீழே சில நூறு மீற்றர் வெறும் காற்று. சவியேஸ் ஊரார் 1430 முதல் 1448 வரை 18 ஆண்டுகள் பாடுபட்டு மோர்ஜ் ஆற்றுத் தண்ணீரை இப்படிக் கொண்டுவந்தார்கள். ‘புது வாய்க்கால்’ என்று அதற்குப் பெயர். கிட்டத்தட்ட 500 ஆண்டுகள் அந்தப் பெயரிலேயே ஓடியது. 1935இல் மலையைக் குடைந்து சுரங்கம் போட்டபின் பாறை வழி ஓய்வு பெற்றது. இப்போது அதே இடத்தில் தொங்குபாலங்கள் போட்டு நடைபாதை ஆக்கியிருக்கிறார்கள். வழியில் புனித மார்கரீத்தாவுக்கு ஒரு சின்னக் கோயில். கம்பிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தபோதே எனக்குக் கால் கூசியது. பிடிக்க ஒன்றும் இல்லாமல், தோளில் பலகை சுமந்துபோனவர்களுக்குக் கோயில் தேவைப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

ஏன் அந்தக் காலத்தில் இவ்வளவு வாய்க்கால்கள் வெட்டினார்கள்? வரலாற்றாசிரியர்கள் சொல்லும் விளக்கம் விசித்திரமானது: கொள்ளைநோய். 14ஆம் நூற்றாண்டுப் பிளேக்கில் மக்கள்தொகை சரிந்தது. தானியம் விதைக்க ஆளும் இல்லை, தின்ன வாயும் குறைவு. நிலம் மலிந்தது. தெற்கே இத்தாலி நகரங்கள் இறைச்சிக்கும் தோலுக்கும் மாடு கேட்டன. மாட்டுக்குக் குளிர்காலம் முழுவதும் வைக்கோற்புல் வேண்டும், அந்தப் புல்லுக்குத் தண்ணீர் வேண்டும். பசியால் வெட்டிய வாய்க்கால்கள் என்று நான் நினைத்திருந்தேன். சந்தைக்காக வெட்டியவை பல. எங்கள் புகையிலைத் தோட்டங்களை யோசித்தால் அது அவ்வளவு தூரமான கதையாகவும் தெரியவில்லை.

என்னைப் பிடித்து வைத்தது பாறையும் பலகையும் அல்ல, தண்ணீரைப் பங்கிட்ட விதம். வாய்க்காலுக்கு உரியவர்கள் ஒரு கூட்டு. ஜேர்மனில் அதன் பெயருக்கு நேரான தமிழ் ‘பங்காளிகள்’ என்பதுதான். எங்கள் சொல்லில் உறவும் சண்டையும் சேர்ந்தே இருக்கிறது, அவர்களிடமும் அப்படியே. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மரக்கட்டை. ‘டெஸல்’ என்பார்கள். ஒரு பக்கத்தில் அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குறி, மாட்டுக்குக் குறிசுடுவதுபோல ஒரு கோட்டுருவம். மறுபக்கத்தில் வெட்டுக்கள். ஒரு விதமான வெட்டு இத்தனை மணிநேரத் தண்ணீர், இன்னொரு விதம் அதில் பாதி, பிறகு கால். எழுத்து வாசிக்கத் தெரியாதவனும் வாசிக்கக்கூடிய பத்திரம் அது. கட்டைகளை ஒன்றாகக் கோத்து வைத்திருப்பார்கள். அந்த ஒழுங்கில் முறை சுற்றி வரும். அந்தச் சுற்றுக்கு அவர்கள் சொல்லும் ‘கேர்’ என்ற சொல்லுக்கு எங்கள் ‘முறை’ கச்சிதமாகப் பொருந்தும். இரவில் மடை திருப்பித் தண்ணீர் களவெடுத்தவர்களின் கதைகள் அங்கும் ஏராளம்.

காவலுக்கு ஓர் அழகான ஏற்பாடு இருந்தது. வாய்க்காலில் ஒரு சின்னச் சக்கரம். அது சுழலச் சுழல ஒரு மரச்சுத்தியல் பலகையில் தட்டிக்கொண்டே இருக்கும். சத்தம் கேட்கும்வரை தண்ணீர் ஓடுகிறது. இரவில் சத்தம் நின்றால் காவலாள் விழித்துக்கொள்வான். எங்கோ பலகை பெயர்ந்துவிட்டது, அல்லது யாரோ வேலை காட்டிவிட்டார்கள்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக ஊர்ப்பக்கத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி நிற்கும் மழைத்தண்ணீர்தான் முழு ஆதாரம். அதைக் கிணற்றிலிருந்து எடுக்கத் துலா வைத்திருந்தார்கள். இரண்டு ஆடுகால்களுக்கு நடுவில் ஒரு நீண்ட மரம், அதன் நுனியில் தொங்கும் கொடி, கொடியில் பட்டை. ஒருவரோ இருவரோ துலாமேல் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பார். இன்னொருவர் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். விடியப்புறத்தில் தொடங்கும் வேலை. ஒரு குடும்பத்தால் மட்டும் ஆகாது. அதனால் கிணறும் பங்கு, இறைப்பும் முறை. காணி உறுதியில் நொத்தாரிசு காணியின் பரப்பை எழுதிவிட்டு, கிணற்றில் இத்தனை பங்கு, வழியிலும் வாய்க்காலிலும் உரித்து என்று எழுதுவார். பிள்ளைகளுக்குப் பிரிக்கப் பிரிக்க ஆறில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று, இருபத்துநாலில் ஒன்று என்று போகும். மரக்கட்டையில் வெட்டுச் சிறுத்துப்போன அதே கணக்கு.

இந்த ஒப்பீட்டில் மயங்கிவிடக்கூடாது. வாலிஸில் கட்டை இல்லாதவனுக்குத் தண்ணீர் இல்லை. வந்து குடியேறியவன், பங்கை விற்றுவிட்டவன் எல்லாம் வெளியே. எங்களிடமோ கணக்கு இன்னும் கொடியது. சாதி சொல்லிக் கிணற்றுக்கட்டில் ஏறவிடாமல், யாராவது அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு மனிதர்களைக் காத்திருக்கவைத்த ஊர்கள் எங்கள் ஊர்கள். கே. டானியல் தன் நாவல் ஒன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயர் வைத்தது சும்மா அல்ல. ஊர்க்கிணற்று நினைவுகளைப் புலம்பெயர் இதழ்களில் இனிக்க இனிக்க எழுதுகிறவர்கள் அந்தக் குடங்களை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

பாய்ச்சும் தண்ணீர் வேறு, குடிக்கும் தண்ணீர் வேறு. அம்மா இங்கே வந்த முதல் வருடம் முழுவதும் குழாய்த்தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துத்தான் எங்களுக்குத் தந்தா. நாங்கள் சிரிப்போம். பிறகு ஒருநாள் 1963இல் செர்மற்றில் நடந்ததை வாசித்தேன். மற்றர்ஹோர்ன் மலையடியில், பணக்காரர் பனிச்சறுக்க வரும் அதே செர்மற். குடிநீரில் கழிவு கலந்து தைபோயிட்டுக் காய்ச்சல் பரவியது. 400க்கு மேற்பட்டோர் படுத்தார்கள், மூன்று பேர் இறந்தார்கள். 500 வருடமாகப் பாறையில் தண்ணீரை நடத்தத் தெரிந்த அதே வாலிஸ் மாநிலம். இந்த நாட்டின் குழாய்த்தண்ணீர் இயற்கை தந்த வரம் இல்லை. நோய்க்குப் பயந்து, சட்டம் போட்டு, காசு செலவழித்துச் சம்பாதித்தது.

அந்த அறிவை வெளியேயும் கொண்டுபோக முயன்றார்கள். சூரிச்சுக்குப் பக்கத்தில் டூபென்டோர்வ் என்ற இடத்தில் சுவிஸ் அரசின் நீர் ஆய்வு நிறுவனம் ‘எயவாக்’ இருக்கிறது. 1991இல் அங்கே மார்ட்டின் வேகெலின் என்ற பொறியியலாளரும் கூட்டாளிகளும் ஒரு மிக மலிவான முறையைச் சோதிக்கத் தொடங்கினார்கள். தெளிந்த தண்ணீரை வெறும் பிளாஸ்டிக் போத்தலில் அடைத்து ஆறு மணிநேரம் கூரைமேல் வெயிலில் கிடத்துவது. புற ஊதாக் கதிரும் வெப்பமும் சேர்ந்து கிருமிகளைக் கொன்றுவிடும். முகில் மூடினால் இரண்டு நாள் வைக்க வேண்டும். மூலக் கருத்து பெய்ரூட்டில் பிறந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அவ்திம் அக்ரா லெபனானின் உள்நாட்டுப்போர்க் காலத்தில் அதைக் கண்டறிந்தார். போர் நடக்கும் நாட்டில் ஒருவர் வெயிலையும் போத்தலையும் பார்த்து யோசித்திருக்கிறார் என்பது எனக்குப் பிடித்த விடயம்.

ஆனால் 2009இல் பொலிவியாக் கிராமங்களில் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு வெளியானது. அதை நடத்தியவர்களில் பாசல் நகரத்து ஆய்வாளர்களும் இருந்தார்கள். போத்தல் முறையைப் பரப்பிய கிராமங்களில் குழந்தைகளின் வயிற்றோட்டம் குறிப்பிடும்படி குறையவில்லை. முறையை ஒழுங்காகக் கைக்கொண்டவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கினரே. ஆய்வுகூடத்தில் வேலை செய்த வெயில், தினமும் போத்தல் நிரப்பி ஏற்றி இறக்க நேரமில்லாத ஒரு தாயின் வீட்டில் வேலை செய்யவில்லை. சுவிஸ்காரர் தங்கள் சொந்தக் கண்டுபிடிப்பின் தோல்வியைத் தாங்களே அளந்து அச்சிட்டதை நான் மதிக்கிறேன். தனித்தனி வீட்டின் தலையில் சுத்தத்தைச் சுமத்துவது எவ்வளவு தூரம் போகும் என்ற சந்தேகம் எனக்கு அன்றிலிருந்து உண்டு.

யாழ்ப்பாணத்துக்கு அந்தப் போத்தல் பாதிதான் உதவும். எங்கள் கிணறுகளில் இருப்பது கிருமி மட்டும் அல்ல. தோட்டத்துக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழியும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளால் நேரே கீழே இறங்கி நைத்திரேற்றாகக் கிடக்கின்றன. வெயில் நைத்திரேற்றைக் கொல்லாது. எண்ணெயையும் கொல்லாது. சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது, முழுக் குடாநாடும் ஒரே பாத்திரத்தில் குடிக்கிறது என்பது எல்லோருக்கும் விளங்கியது. 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பளித்தது.

இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தின் கதி தெரிந்ததே. ஆசிய அபிவிருத்தி வங்கியின் காசு 2010இல் ஒப்புதலானது. கிளிநொச்சி விவசாயிகள் தங்கள் வயலுக்கே போதாது என்று எதிர்த்தார்கள். கடைசியில் கடலிடம் போனோம். தாளையடியில் நாளுக்கு 24,000 கனமீற்றர் உவர்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. விவசாயிகளைப் பிடிவாதக்காரர் என்று இங்கே பலர் திட்டினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வறண்ட ஆண்டில் யாருக்கு எத்தனை மணிநேரம் என்று வெட்டிக் காட்டும் கட்டை ஒன்று இல்லாமல், கடைமடைக்காரன் எப்படிச் சம்மதிப்பான்?

வாலிஸுக்கும் இப்போது அதே கேள்வி வந்திருக்கிறது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனிமலைகள் தங்கள் கனத்தில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. கிரான்-மொன்டானாப் பகுதியில் பேர்ண் பல்கலைக்கழகம் நடத்திய ஓர் ஆய்வு, 2050 வரையில் தண்ணீர்ப் பற்றாக்குறையைத் தீர்மானிப்பது காலநிலையைவிட ஊர்கள் பங்கிட்டுக்கொள்ளும் விதம்தான் என்றது. 2023 டிசம்பரில் யுனெஸ்கோ ஏழு ஐரோப்பிய நாடுகளின் மரபுப் பாசன முறைகளைப் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தபோது, அது கௌரவித்ததும் அந்தப் பங்கீட்டையும் சேர்த்துத்தான்.

ஒரு விதியை மட்டும் இன்னும் சொல்லவில்லை. வாலிஸில் பங்கு என்றால் வேலை. ஒவ்வொரு வசந்தத்திலும் பங்குக்குத் தக்க நாட்கள் வாய்க்காலுக்குப் போக வேண்டும். பலகை மாற்ற வேண்டும், சேறு எடுக்க வேண்டும். வராதவன் தண்டம் கட்டுவான்.

எங்கள் அப்பப்பாவின் உறுதியில் கிணற்றில் ஆறில் ஒரு பங்கு இருக்கிறது. அது இப்போது ஏழு பேருக்கு உரியது. இரண்டு பேர் கனடாவில், ஒருவர் நோர்வேயில், மூன்று பேர் சுவிஸில். ஊரில் இருப்பவர் சித்தப்பாவின் மகன் ஒருவர்தான். அவர் கிணற்றைக் கலக்கி இறைத்து, இடிந்த கட்டைக் கட்டி, பக்கத்து வீடுகளுக்கும் குழாய் போட அனுமதி தரும்படி எங்கள் எல்லோரிடமும் கையெழுத்துக் கேட்டுக் கடிதம் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று கேட்டு ஒரு பதில் வந்தது. அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். நானும் தங்கையும் கையெழுத்துப் போட்டு, செலவில் எங்கள் பங்கையும் அனுப்பிவிட்டோம். மற்ற நாலு பேரின் கையெழுத்துக்காக அவர் இன்னும் காத்திருக்கிறார். மழைக்கு முன் இறைத்தால்தான் சேறு எடுக்க முடியும்.