அம்பலம் ஏறிய சொல்

'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அம்பலம் என்பது ஊரார் கூடி வழக்குரைக்கும் பொதுவிடம். அங்கு எவர் சொல் ஏறும், எவர் சொல் ஏறாது என்னும் வினா, கணினி வழியே பன்னாட்டு மக்கள் கூடி ஆடும் விளையாட்டு உலகங்களிலும் எழுந்துள்ளது. பொழுதுபோக்கிற்கென அமைந்த அவ்வுலகங்களிலும் ஆட்சி உண்டு, வழக்கு உண்டு, தேர்தலும் உண்டு.

1978ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்த 'மட்' என்னும் ஆட்டமே இவ்வகையில் முன்னோடியாகும். படம் ஏதுமின்றி, எழுத்துகளாலேயே இயன்றது அவ்வுலகம். அதில் மேலாற்றல் பெற்றோர் 'மந்திரவாதிகள்' எனப்பட்டனர். அவர்கள் வைத்ததே சட்டம் என்னும் நிலை அன்று இயல்பாகவே கொள்ளப்பட்டது.

அம்மரபில் வந்ததே லாம்டாமூ. இதனை அமெரிக்காவில் சிராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பவெல் கர்ட்டிஸ் 1990இல் நிறுவினார். மக்கள் பெருகினர், பூசல்களும் பெருகின. 1992ஆம் ஆண்டின் இறுதியில், மந்திரவாதிகள் இனி நுட்பப் பணிகளை மட்டுமே கவனிப்பர் என்றும், சமூக வழக்குகளை மக்களே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கர்ட்டிஸ் அறிவித்தார். 1993இல் ஓர் ஆட்டக்காரர், பிறருடைய பாத்திரங்கள் இழிசெயல் புரிவதாகத் தோன்றும்படி எழுதிப் பலரை இழிவுபடுத்தினார். மக்கள் கூடிப் பேசினர், முடிவு எட்டவில்லை. இறுதியில் மந்திரவாதி ஒருவர் தாமாகவே முன்வந்து அவரை நீக்கினார். அதன்பின் மனுவும் வாக்கெடுப்பும் கொண்ட முறை ஏற்படுத்தப்பட்டது. எனினும், சமூக முடிவுகளிலிருந்து தாங்கள் விலகி நிற்றல் இயலாது என 1996இல் மந்திரவாதிகள் அறிவித்து, மீண்டும் பொறுப்பேற்றனர். திறவுகோல் ஒருவர் கையிலும் வாக்குச்சீட்டு மற்றொருவர் கையிலும் இருக்குமாயின், திறவுகோலே வெல்லும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

அடுத்து நோக்கத்தக்கது, ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003இல் வெளியிட்ட 'ஈவ் ஆன்லைன்'. விண்வெளியில் வணிகமும் போரும் நிகழும் இவ்வாட்டத்தில், நிறுவன ஊழியர் ஒருவர் தாம் சேர்ந்திருந்த அணிக்கு அரிய பொருள்களை முறைகேடாக வழங்கினார் என்பது 2007இல் வெளிப்பட்டது. நடுநிலையில் மக்கள் ஐயுற்றனர். அவ்வையத்தைப் போக்க, ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆலோசனை மன்றம் ஒன்று 2008இல் அமைக்கப்பட்டது. ஒன்பது உறுப்பினர் கொண்ட முதல் மன்றம், நிறுவனத்தாரை நேரில் காண ரெய்க்யவிக் நகருக்கு அழைக்கப்பட்டது. விளையாட்டுலக வரலாற்றில் இஃது ஒரு புதுமை எனலாம்.

ஆயினும் முதல் தேர்தலில் வாக்களித்தோர் ஏறத்தாழ 11 விழுக்காட்டினரே. வாக்கு ஆளுக்கு ஒன்றன்று, கணக்குக்கு ஒன்று. ஆகவே, பல கணக்குகளுக்குக் கட்டணம் செலுத்த வல்லவர்க்குப் பல வாக்குகள் கிடைத்தன. ஆயிரக்கணக்கானோரை ஒருங்கு திரட்டிய பெருங்கூட்டணிகள் தம் வேட்பாளரை எளிதில் வெற்றிபெறச் செய்தன. தனித்தாடுவோரும் புதியவரும் எண்ணிக்கையில் மிக்கிருந்தும் சிதறிக் கிடந்தனர். 2013இல் விருப்ப வரிசைப்படி வாக்களிக்கும் முறை கொணரப்பட்டும், ஒருங்கிணைந்தோரின் வலிமை குன்றவில்லை.

2011ஆம் ஆண்டு நிகழ்ந்தது மற்றொரு படிப்பினை. பாத்திரம் அணியும் ஒற்றைக் கண்ணாடி ஒன்றிற்கு 60 அமெரிக்க வெள்ளிக்கும் மேல் விலை வைக்கப்பட்டது. நிறுவனத்தின் உள்சுற்றிதழ் ஒன்றும் கசிந்தது. ஆட்டக்காரர் திரண்டு, ஜிட்டா என்னும் வணிக மையத்தில் நின்ற நினைவுச் சின்னத்தைச் சுட்டனர்; பலர் சந்தாவையும் நிறுத்தினர். நிறுவனம் மன்றத்தாரை அவசரமாக ரெய்க்யவிக்குக்கு வரவழைத்துப் பேசியது. அக்டோபரில் தலைவர் ஹில்மார் பெட்டுர்சன் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். அதே மாதத்தில் ஊழியர்களில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினர் பணி இழந்தனர். மேலிடத்தார் செய்த பிழையின் சுமை, முடிவெடுப்பதில் பங்கில்லாதோர் மீதும் விழுந்தது வருந்தத்தக்கது.

இவ்வரலாறு காட்டும் உண்மைகள் சில. நேரம் உடையோர் சொல் கேட்கப்படுகிறது. அணி சேர்ந்தோர் சொல் ஏற்கப்படுகிறது. பணத்தை நிறுத்த வல்லோர் சொல் அஞ்சப்படுகிறது. இம்மூன்றும் இல்லாதோர், மனம் கசந்தால் ஒரு சொல்லும் உரைக்காமல் வெளியேறிவிடுகின்றனர். அவர்தம் மௌனத்தை இசைவு எனக் கொள்ளுதல் ஆள்வோர்க்கு எளிது. உண்மையோ அதற்கு மாறானது.

ஆகவே, மன்றம் அமைப்பதனால் மட்டும் நீதி பிறந்துவிடாது. அம்மன்றத்தின் வாயிலில் நின்று, உள்ளே வாராதவர் எவர் என எண்ணிப் பார்க்கும் பண்பும் வேண்டும். கணினி உலகில் ஆடி மகிழும் மாணவர்க்கும், வகுப்பறை என்னும் சிறு அம்பலத்தை நடத்தும் ஆசிரியர்க்கும் இது பொருந்தும். முன்வரிசையில் உயரும் கையை எவரும் காண்பர். பின்வரிசையில் உயராத கையைக் காண்பதே கடமையாகும்.