மூடிக்குள் ஓடும் கம்பி: அனுமதி பற்றி ஒரு சிறு வரலாறு

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு லேப்டாப்பின் வயிற்றுக்குள் என்ன வேலை என்று நண்பர் ஒருவர் கேட்டார். பிரதியைக் கட்டவிழ்க்கலாம், அந்தப் பிரதி எழுதப்படும் யந்திரத்தை மட்டும் திருகு கழற்றிப் பார்க்கக்கூடாது என்பது என்ன நியாயமோ தெரியவில்லை. யந்திரங்களின் வரலாறு என்று நமக்குச் சொல்லப்படுவதெல்லாம் கண்டுபிடித்தவன் கதை, இல்லாவிட்டால் விற்றவன் கதை. பிரித்து மாட்டிச் சரிசெய்தவனுக்கு அதில் இடம் கிடையாது. நான் அவன் பக்கத்திலிருந்து பேச நினைக்கிறேன்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்ய, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கப்பட்டது. விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதற்குள் இருந்தது. இலவசம் ஜனங்களைச் சோம்பேறியாக்கிவிடும் என்று அப்போது கவலைப்பட்டவர்கள் வீட்டில் கணினி ஏற்கெனவே இருந்தது. எங்கள் வீட்டில், எங்கள் தெருவிலேயே, முதல் கணினி நான் கல்லூரியில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்த அந்தக் கறுப்புப் பெட்டிதான். என் எம்.ஏ. ஆய்வேடு அதில்தான் அடிக்கப்பட்டது. பிறகு பரணுக்குப் போயிற்று.

2020இல் கொரோனா வந்து பள்ளிகளை மூடினார்கள். அக்கா மகளுக்கு வகுப்பெல்லாம் ஆன்லைனில். வீட்டில் இருந்த ஒரே நல்ல போனை மாமா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். பக்கத்து வீட்டுக்காரர் பெரிய மனசு பண்ணித் தன் வை-ஃபை கடவுச்சொல்லைக் கொடுத்தார். ஆனால் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த அலை எங்கள் பெட்டிக்குள் வரவில்லை. ஒரே ஒரு கோடு தெரியும், மூடியை அசைத்தால் அதுவும் போய்விடும்.

ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்த வாரத்தில் அஸ்தம்பட்டியில் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணன் அடிமூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, 'கார்டு நல்லாத்தான் இருக்குதுங்க. கம்பிதான் போச்சு' என்றார்.

எந்தக் கம்பி? கட்டைவிரல் அகலமுள்ள வை-ஃபை கார்டிலிருந்து கறுப்பு, வெள்ளை என ரெண்டு மெல்லிய கம்பிகள் கிளம்புகின்றன. மூடியை இணைக்கும் கீல் வழியாகப் புகுந்து, திரையின் மேல்விளிம்பில் போய் முடிகின்றன. அங்கே ஒட்டியிருக்கும் தகட்டுத் துண்டுகள்தான் ஆன்டெனா. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், அதில் கால்பங்கு, மூன்று சென்டிமீட்டர் தகடு இருந்தால் போதும். விசைப்பலகைக்கு அடியில் இருக்கும் உலோகமும் சுற்றுகளும் அலையைக் கெடுக்கும் என்பதால் அதை உயரத்தில் வைக்கிறார்கள். எட்டு வருஷம் திறந்து மூடியதில் கீலுக்குள் கம்பி நைந்துவிட்டது.

திரை உடைந்து செத்துப்போன வேறொரு லேப்டாப்பின் மூடியிலிருந்து ஆன்டெனா ஜோடி ஒன்றை உருவி எடுத்தார். எங்கள் மூடியின் சட்டத்தைப் பிரித்து, தகடுகளை ஒட்டி, கம்பியைக் கீலுக்குள் நுழைத்துக் கொண்டுவந்தார். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதான இணைப்பியைக் கார்டின் மேல் வைத்து நகத்தால் அழுத்தினார். 'டிக்' என்று ஒரு சத்தம். முப்பது தடவைக்கு மேல் கழற்றி மாட்ட அந்த இணைப்பி செய்யப்பட்டதில்லை. அதற்குமேல் பிறர் கைபடும் என்று அதைச் செய்தவர்கள் எதிர்பார்க்கவில்லை. ராமை 2 ஜி.பி.யிலிருந்து 4 ஆக்கி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுத்தார். அன்று சாயங்காலமே சுவரைத் தாண்டி அலை வந்தது.

இந்தக் கம்பிக்குப் பின்னால் ஓர் அதிகார வரலாறு இருக்கிறது. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. காலனிய அரசு போன பின்னும் சட்டம் போகவில்லை. வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் அஞ்சலகத்தில் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1980களின் நடுப்பகுதியில்தான் அது முற்றாக ஒழிந்தது. அதே காலத்தில், 1985இல், அமெரிக்காவில் மைக்ரோவேவ் அடுப்பு போன்றவை இரைச்சல் போட்டுக்கொண்டிருந்த அலைவரிசைகளை உரிமமின்றிப் பேசப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். 1997இல் வை-ஃபைக்கான 802.11 தரநிர்ணயம் வந்தது. 1999இல் ஆப்பிளின் ஐபுக் ஆன்டெனாவை உடம்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்தது. 2003இல் இன்டெல் சென்ட்ரினோ என்ற பெயரில் வயர்லெஸ்ஸை லேப்டாப்பின் பிறவிக்குணம் ஆக்கியது. இந்தியாவில் 2005 ஜனவரியில் 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரை உரிமம் தேவையில்லை என்று அறிவிக்கப்பட்டது. காற்று விடுதலையாகிவிட்டது என்று நாம் நினைத்தோம்.

ஆனால் அதே வருஷங்களில்தான் இன்னொன்று நடந்தது. தயாரிப்பாளர்கள் சிலர் தாங்கள் அங்கீகரித்த கார்டுகளின் பட்டியலை பயாஸுக்குள் எழுதிவைத்தார்கள். பட்டியலில் இல்லாத கார்டை மாட்டினால் யந்திரம் கிளம்பவே கிளம்பாது. திங்க்பேட் கணினிகளில் 1802 என்ற எண்ணோடு, அனுமதியில்லாத கார்டு என்று திரையில் வந்து நின்ற வாசகம் உலகெங்கும் ரிப்பேர்க்காரர்களுக்கு மனப்பாடம். கார்டையும் ஆன்டெனாவையும் சேர்த்துத்தான் அமெரிக்க விதிகள் அங்கீகரிக்கின்றன, அதனால் மாற்றவிட முடியாது என்பது நிறுவனங்களின் வாதம். வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அதே சில்லு கொண்ட, வேறு கம்பெனிக்கென்று அடையாள எண் எழுதப்பட்ட கார்டையும் அது மறுத்ததே, அதற்கு என்ன பதில்? அஞ்சலகத்தில் இருந்த லைசென்ஸ் குமாஸ்தா மதர்போர்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டான் என்பதுதான் விஷயம். அரசின் அனுமதியை எதிர்த்துப் பேசலாம், சட்டத்தை மாற்றலாம். 1933 சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டமே இயற்றப்பட்டுவிட்டது. பயாஸுக்குள் இருப்பவனோடு எந்த மன்றத்தில் வழக்காடுவது?

இன்றைக்கு அவனும் தேவைப்படவில்லை. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பாட்டரி பசையில் ஒட்டியிருக்கிறது. சிலவற்றில் வை-ஃபை சில்லும் அப்படியே. கழற்ற ஒன்றுமில்லாத இடத்தில் தடை எதற்கு? 2022 ஜூலையில் ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு அமைத்தது. உரிமையை ஏட்டில் எழுதிக்கொள்ளலாம். திருகே இல்லாத பெட்டியில் அதை எந்த இடத்தில் நுழைப்பது?

பழுதுபார்ப்பவனைப் புனிதனாக்குவது என் நோக்கமில்லை. அவருக்கும் அன்றைக்குக் கூலி கொடுத்தேன். நான் சொல்ல வருவது வேறு. ஒரு மாணவனுக்கு என்று அரசு கொடுத்த பெட்டி, எட்டு வருஷம் கழித்து அதே வீட்டில் இன்னொரு பிள்ளையைப் படிக்கவைத்தது. திட்டத்தின் எந்தக் கணக்கிலும் அந்த இரண்டாவது பிள்ளை கிடையாது. அவளைச் சாத்தியமாக்கியது அடிமூடியில் இருந்த சாதாரணத் திருகுகள். 2025 மார்ச் வரவுசெலவுத் திட்டத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்தபோது, எவ்வளவு வேகம், எந்தக் கம்பெனி என்றுதான் எல்லோரும் பேசினோம். பிரிக்க முடியுமா, ஸ்பேர் கிடைக்குமா என்று நாம் கேட்டிருக்க வேண்டும். பொதுப்பணத்தில் வாங்கும் எந்தக் கணினிக்கும் டெண்டரின் முதல் நிபந்தனையாக அது இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்தப் பெட்டியில்தான் அக்கா மகள் ரெண்டு வருஷம் படித்தாள். சமீபத்தில் புது லேப்டாப் ஒன்றை அதே அண்ணனிடம் காட்டி, இதில் ராம் கூட்ட முடியுமா என்று கேட்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார். 'இதுல நமக்கு வேல இல்லீங்க' என்றார்.