வேட்டைக்கும் குறிக்கும் ஒரே துப்பாக்கியா?

வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடும் பந்தயத்திற்கும் ஒரே ரைபிள் போதுமோவென்று இராசிங்காபுரத்து இளைஞர் சிலர் வினவுகின்றனர். விடை சரித்திரத்தில் உளது.

மருது பாண்டியர் தூக்கிலிடப்பெற்ற 1801-ஆம் ஆண்டின் இறுதியிற் கும்பெனியார் தென்சீமையில் ஆயுதந் தரித்தலைத் தடுத்தனர். 1878-ஆம் ஆண்டுச் சட்டம் லைசென்சின்றித் துப்பாக்கி வைத்தலைக் குற்றமாக்கிற்று. அந்நாளில் துரைமார் கையில் ரைபிள். குடியானவர் கையில் மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. வேற்றுமை குழலின் உட்புறத்தது. ரைபிளின் குழலுள் அமைந்த திருகு வரிகள் குண்டைச் சுழற்றி நேரே செலுத்தும். நாட்டுத் துப்பாக்கியின் குழலோ வழவழப்பானது. சிதறும் ரவைக்கன்றித் தொலைக்குறிக்கு ஆகாது. ரைபிளுள்ளும், கடமானை வீழ்த்தும் தோட்டா தோளை உதைக்கும், விலையும் மிகும்; நாள்தோறும் பழகுதற்கு பாயிண்டு 22 என்னும் சிறு தோட்டாவே தகும். ஆதலின் இரண்டிற்கும் ஒன்றென்பது அன்றும் அரைகுறையே.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் இவற்றைப் பிரித்தே வைத்தது: பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கி, அங்கீகாரம் பெற்ற ரைபிள் கழகத்தார்க்குக் குறிப்பயிற்சிக்கென பாயிண்டு 22. வேட்டையோ, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தாற் சுருங்கி, 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அறவே நின்றது. மனிதவுயிர்க்கு அபாயம் முதலிய சில நிலைகளே விலக்கு. காட்டுப்பன்றி கிளறிய கொல்லையைக் கண்டவர்க்கு இது கசக்கும். அதனை யாம் மறுக்கிலோம். எனினும் இளைஞர் கழகத்திற் சேர்ந்து குறிபயிலலே வழி.

பாட்டனார் துப்பாக்கி பரணிலிருப்பின், தம் பெயர்க்கு லைசென்சு பெறும்வரை அதனைப் போலீஸ் நிலையத்திலேனும் உரிமம் பெற்ற வியாபாரியிடமேனும் ஒப்படைத்தல் வேண்டும்.