கிளியோட்டிய மூங்கிலும் மைலோ டப்பாவும்



திருநாள் நெருங்கிவிட்டால் பிள்ளைகளுக்குச் சத்தம் வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ தீபாவளிச் சந்தைக்குப் போனால், ஊதல் வாங்கித் தரும்வரை நம்மை விட மாட்டார்கள். காசு கிடைக்காத பையன்கள் மூங்கிலில் கார்பைடு போட்டுப் பீரங்கி செய்யப் போய்விடுகிறார்கள். அதில் விரல் போனவர்கள் உண்டு, கண் போனவர்களும் உண்டு. அதே மூங்கிலில் நெருப்பில்லாமல் ஓசை எழுப்பும் வித்தை நம்மிடம் பழங்காலத்திலேயே இருந்தது.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் பெண்கள் தினைப்புனம் காக்கிறார்கள். கதிரைக் கொத்த வரும் கிளிகளை ஓட்ட அவர்கள் கையில் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகள் இருக்கின்றன. தட்டை என்பது மூங்கிலைப் பல கீற்றாகப் பிளந்து, ஒன்றின்மேல் தட்டி ஓசை எழுப்புவது என்றும், தழல் என்பது கையால் சுற்றும்போது ஓசை தருவது என்றும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் விளக்குகிறார். விளையாட்டுக்கு அல்ல, விளைச்சலைக் காக்கப் பிறந்த கருவிகள் இவை. லயத்துக்குப் பின்னால் மரவள்ளி நட்டு, பன்றியையும் குரங்கையும் விரட்டத் தகரம் தட்டியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சுற்றினால் ஓசை தரும் கருவி கடல் கடந்த நாடுகளிலும் உண்டு. ஐரோப்பாவில் பல் வைத்த மரச்சக்கரத்தில் மெல்லிய பலகை உரசும்படி ஒரு கருவி செய்தார்கள். பிடியைப் பிடித்துச் சுழற்றினால் கடகடவென்று அதிரும். வயலில் பறவையை ஓட்ட அது பயன்பட்டது. முதல் உலகப் போரில் நச்சுப்புகை வருகிறது என்று பதுங்குகுழியில் இருந்த வீரர்களை எச்சரிக்கவும் அதைத்தான் சுழற்றினார்கள்.

யூதப் பிள்ளைகளுக்கு அதுவே திருநாள் பொருள். நம் மாசி, பங்குனி வாக்கில் அவர்களுக்குப் பூரிம் என்றொரு பண்டிகை வருகிறது. பாரசீக நாட்டில் ஆமான் என்ற அமைச்சன் யூதர்களை அடியோடு அழிக்கத் திட்டமிட்டான்; எஸ்தர் என்ற அரசி அதைத் தடுத்துத் தன் மக்களைக் காத்தாள் என்பது அவர்களுடைய வேதக் கதை. தொழுகைக் கூடத்தில் அந்தக் கதையைப் படிக்கும்போது ஆமான் பெயர் வரும் ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் கருவியைச் சுழற்றி, அந்தப் பெயர் காதில் விழாதபடி செய்துவிடுவார்கள். கிளியை ஓட்டிய ஓசை கொடியவன் பெயரையும் ஓட்டுகிறது! தகரத்திலும் தாளிலும் வீட்டிலேயே செய்துகொள்கிறவர்களும் உண்டு.

நம் பிள்ளைகளுக்கும் இந்த உரிமையைப் பெரியவர்கள் கொடுத்துத்தான் இருந்தார்கள். பிள்ளைத்தமிழில் ஆண் குழந்தைக்குச் சிறுபறை கொட்டுவதென்றே ஒரு பருவம் உண்டு. சென்னை வட்டாரத்தில் போகியன்று சிறுவர்கள் மண்வளையத்தில் தோல் கட்டிய மேளத்தைக் கொட்டுவார்கள். செங்கற்பட்டு, ஆர்க்காடு பக்கத்திலிருந்தும் மலாயாவுக்குக் கப்பலேறி வந்தவர்கள் பலர். மேளம் செய்பவர் கூட வராத இடத்தில் பால் டின்னே மேளம்.

இனிச் செய்முறைக்கு வருவோம். மூடியுள்ள மைலோ டப்பா ஒன்று எடுங்கள். உள்ளே பத்துப் பன்னிரண்டு ரப்பர் கொட்டைகளைப் போடுங்கள். 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன விதைகளின் வழிவந்தவை அவை. அந்த விதைகளில் முளைத்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. நம் பாட்டன்மார் பால் மரம் சீவ இங்கே வந்த கதை அதிலிருந்துதான் கிளைக்கிறது. பச்சைக் கொட்டையில் நஞ்சு உண்டு, பிள்ளைகள் வாயில் வைக்கக் கூடாது. தோட்டம் செம்பனையாகவோ வீடமைப்பாகவோ மாறிவிட்ட இடங்களில் ரப்பர் கொட்டைக்கு எங்கே போவது? புளியங்கொட்டை போதும். மூடியை நன்றாக அழுத்தி, மேலே ஒட்டுத்தாள் சுற்றிவிடுங்கள்.

தட்டைக்கு ஒரு முழ மூங்கில் வேண்டும். கைப்பிடிக்குக் கணுவோடு ஒரு சாண் விட்டுவிட்டு, மேல்பகுதியை ஆறு கீற்றாகப் பிளக்க வேண்டும். கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும். சிலாம்பு ஏறாமல் ஓரங்களைத் தேய்த்துக் கொடுத்தால், பிள்ளை அதை உள்ளங்கையில் தட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த நிமிடமே பக்கத்து வீட்டுக்கு ஓடும். அங்கே இரவு வேலை முடித்து யாராவது தூங்குகிறார்களா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.