கல்லூரிக்கு முந்துற விண்ணப்பித்தல்

நம் சங்கத்து அன்பர் ஒருவர் அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழ்கின்றார். அவர்தம் மகள் அங்கே பள்ளியிறுதி வகுப்பிற் பயில்கின்றாள். கல்லூரிக்கு முந்துற விண்ணப்பித்தல் நன்றோ, பொறுத்தல் நன்றோ என அவர் எம்மை வினவினார். இம்முறையின் வரலாறே அதற்கு விடை பகரும் என்பது எம் கருத்து.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர், மாணவர் ஒருவரே பல கல்லூரிகட்கு விண்ணப்பிக்கும் வழக்கம் அந்நாட்டிற் பெருகிற்று. இடம் பெற்றோருள் எத்துணையர் வந்து சேர்வர் எனக் கணிக்க இயலாது கல்லூரியார் இடர்ப்பட்டனர். அதனால் 1950-களிற் சில கல்லூரிகள், தம்மையே முதலாவதாக விரும்புவார்க்கு முன்னரே முடிவு கூறத் தொடங்கின. எனவே, மாணவர்க்கு நலன் உண்டாயினும், கல்லூரியாரின் தேவையும் இதற்கு வித்தாயிற்று.

இன்று இம்முறை இருவகைப்படும். பெரும்பாலும் நவம்பர்த் தொடக்கத்தில் விண்ணப்பித்து, டிசம்பர் நடுவில் விடை பெறுவர். கட்டுப்படுத்தும் வகையில், இடம் கிடைப்பின் ஏனைய விண்ணப்பங்களை விலக்கிக்கொண்டு அங்கேயே சேர்தல் வேண்டும். கட்டுப்படுத்தா வகையிலோ மே 1 வரை எண்ணித் துணியலாம்.

முந்துதலால் ஆக்கம் உண்டா? ஏவரி, ஃபேர்பாங்க்ஸ், செக்ஹவுசர் என்னும் மூவர் 2003-இல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்தனர். 1600 மதிப்பெண்ணுக்குரிய எஸ்.ஏ.டி. தேர்வில் ஏறத்தாழ 100 மதிப்பெண் மிகுதியாகப் பெறுதற்கு அவ்வாக்கம் ஒப்பாகும் என்றனர். இதனை நன்கறிந்து பயன்கொண்டவர் பெரும்பாலும் செல்வர்தம் மக்களே. ஏழை மாணவர்க்கு இது கேடெனக் கருதி, 2006-இல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் முந்துமுறையைக் கைவிடத் துணிந்தன. 2011-இல் கட்டுப்படுத்தா வகையாக அதனை மீட்டும் மேற்கொண்டன.

கேடு யாது? கட்டுப்பட்டவர், பல கல்லூரிகள் அளிக்கும் உதவித்தொகையை ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்பை இழப்பர். தொகை போதாதாயின் விலக இடமுண்டு. ஆயினும் நல்லதைத் தெரிந்துகொள்ளும் உரிமை முன்னரே போய்விடுகின்றது.

ஆதலின் அவ்வன்பருக்கு யாம் கூறியது இது: மகளின் விருப்பம் ஒரு கல்லூரியிலேயே உறுதிப்பட்டதா என முதலிற் காண்க. அதன் செலவைக் கல்லூரியாரிடமே கேட்டறிந்து, அது நும் ஆற்றலுக்கு அடங்குமா எனக் கணக்கிடுக. இரண்டும் ஆமெனின் முந்துக. ஒன்று குறையினும் கட்டுப்படற்க. கட்டுப்படுத்தா வகை உளதேல் அதனை நாடுக. பதறாத காரியம் சிதறாது.